யாரு கை வச்சது?

பிரிண்டர் நின்றுவிட்டால் அவர் முதலில் பிரிண்டரைப் பார்க்கமாட்டார். அறையில் இருப்பவர்களைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. யாரு கை வச்சது?"

அறையில் பெரும்பாலும் இருந்தது நான் ஒருத்திதான். ஆனாலும் ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கேட்பது போலத்தான் கேட்பார்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மருந்துக் கடை மாடியில் அவருடைய டிடிபி சென்டர் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் அங்கே ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, ஆடிக்கிருத்திகை அன்னதான நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் எழுத்து கோப்பது அந்த மாடியில்தான். கம்ப்யூட்டரில் செய்ததை லேசர் பிரிண்டரில், ஒளி ஊடுருவும் பட்டர் பேப்பரில் எடுத்துக் கொடுப்போம். அதை வைத்துத் தெருமுனை ஆஃப்செட் பிரஸ்ஸில் பிளேட் போட்டு அடிப்பார்கள்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் மனம் நோகுமே என்பதற்காக அல்ல. அவருக்கு அது விளம்பரமாகப் படும் என்பதற்காக.

விசிட்டிங் கார்டில் தன்னை 'கிராஃபிக் டிசைனர்' என்று போட்டிருந்தார். ஊரில் 'டிசைனர் சார்' என்றார்கள். கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி போட்டிருந்ததால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். மானிட்டர் நெற்றியில் விபூதிப் பட்டை, குங்குமம். வெள்ளிக்கிழமைகளில் சிபியூவுக்குச் சாம்பிராணி காட்டுவார். அந்தப் புகையெல்லாம் உள்ளே போய் ஃபேனில் படிந்து, ஃபேன் சுற்றாமல் சூடேறி மெஷின் நின்றுபோனது ஒருமுறை. சரிசெய்ய வந்தவர் உள்ளே இருந்த கரியைத் துணியில் துடைத்துக் காட்டினார். இவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ பவுடர் போட்டுக்கினு வர்றியா?"

கறுப்பாக இருந்தது அந்தத் துணி. நான் போட்ட பவுடர் என்ன நிறமாம்?

அவரிடம் ஒரே ஒரு நல்ல பொருள் இருந்தது, குரல். ரேடியோவில் செய்தி வாசிப்பவர்களுக்கு இருக்குமே, அப்படி அவசரமில்லாத, கனமான குரல். தப்பை அடுத்தவர் தலையில் கட்டும்போது அது இன்னும் கனிந்துவிடும். தங்கள் பெயரைத் தப்பாக அடித்ததைச் சொல்ல வந்தவர்கள், எழுதிக் கொடுத்த கையெழுத்து சரியில்லை என்று அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகும்போது முகத்தில் ஒரு நிம்மதி வேறு இருக்கும், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் போல.

எங்களிடம் இருந்த டிசைன் சாஃப்ட்வேருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் தொழிலில் இருந்தவர்கள் அதைப் பதிப்பு நம்பரால்தான் சொல்வார்கள். எங்களிடம் இருந்தது மூணு. அரக்கோணத்தில் அஞ்சு வந்திருந்தது. சென்னையில் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

"புது நம்பர்லாம் வரையத் தெரியாதவங்களுக்குப் போடறது," என்பார்.

அவருக்கு வரையத் தெரியாது. மூணிலேயே அவர் நின்றுபோனதற்குக் காரணம் வேறு. சென்னையில் இருந்து யாரோ வந்து, ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன சாஃப்ட்வேர் அது. அதைத் தொட அவருக்குப் பயம். தானே தொட்டுக் கெட்டுப்போனால், 'யாரு கை வச்சது' என்ற கேள்விக்கு முதன்முறையாகத் தானே பதில் சொல்ல வேண்டிவரும்.

பள்ளிப்பட்டில் பவர்லூம் வைத்திருந்த ஒருவர், சேலை லேபிள் டிசைனைச் சென்னையில் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். புது நம்பரில் செய்தது. எங்கள் மூணு அதைத் திறக்க மறுத்தது. காரணத்தைத் திரையிலேயே சொல்லியது: இது புதிய பதிப்பில் செய்த ஃபைல், என்னால் முடியாது. எனக்குத் தெரிந்து அந்த அறையில் அப்படி வெளிப்படையாகத் தன் இயலாமையை ஒப்புக்கொண்டது அந்த சாஃப்ட்வேர் ஒன்றுதான். இவர் திரையில் வந்த செய்தியைச் சட்டென்று மூடிவிட்டு, ஃப்ளாப்பியை வெளியே எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்.

"பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்துகினு வந்தீங்களா?"

"ஆங், ஆமாங்க."

"அதான். வெயில் பட்டு ஃபைல் உருகிப் போச்சு."

அந்த மனிதர் மறுபடி சென்னைக்குப் போய், மறுபடி ஃபைலை வாங்கி, இந்த முறை ஃப்ளாப்பியை ஈரக் கைக்குட்டையில் சுற்றி டிஃபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இப்போது ஃப்ளாப்பி நிஜமாகவே கெட்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் என்னிடம், பெருமையாக.

ஆடிக்கிருத்திகைக்கு ஒரு காவடிக் குழுவின் நோட்டீஸ் வந்தது. மேலே பெரிய மயில். தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிர், அடர் என்று படிப்படியாக நிறம் மாறும் ஷேடு கொடுத்திருந்தார். திரையில் பார்க்க அழகுதான். பிரிண்ட் கொடுத்தால் மயிலின் கழுத்து வரைக்கும் வரும், அதற்குமேல் வெள்ளை. பிரிண்டரின் நினைவகத்துக்கு அத்தனை ஷேடைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். இவர் முதலில் பேப்பர் கடைக்காரரை வரவழைத்து, ஈரப் பேப்பரைக் கொடுத்துவிட்டதாக நிற்கவைத்துத் திட்டினார். பிறகு கரண்ட்டு ஆபீஸைத் திட்டினார். அப்போது பார்த்து மொட்டை மாடியில் தடதடவென்று சத்தம். மலையில் இருந்து இறங்கிவரும் குரங்குகள் எங்கள் தெருவில் எப்போதும் உண்டு.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"எர்த் ஒயரை இழுத்துட்டு இருக்குது. அதான் பாதி வருது, பாதி வர மாட்டேங்குது."

எலெக்ட்ரீஷியனை மேலே ஏற்றினார். அவர் ஒயரைத் தேடிக் குரங்குகளுக்கு நடுவே போய், சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு இறங்கி வந்தார். அதற்குள் நான் தோகையின் கண்களில் இருந்த ஷேடை எடுத்துவிட்டு, ஒரே நிறமாக்கிப் பிரிண்ட் கொடுத்திருந்தேன். முழு மயிலும் வந்தது.

"ஒயரைச் சரி பண்ணதும் வந்துச்சு பாரு," என்றார். எலெக்ட்ரீஷியன் கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா சார்," என்று தலையாட்டினார். நான் அடுத்த நோட்டீஸை எடுத்துக்கொண்டேன். ஊரில் கம்ப்யூட்டர் பழக வேறு இடம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக அந்தக் குரலைக் காலையில் இருந்து சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம். எதையும் அழிக்கமாட்டார். பத்திரிகையில் ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால், பழைய பெயரின் மேல் வெள்ளை நிறத்தில் ஒரு கட்டம் போட்டு மூடிவிட்டு, அதற்கு மேலே புதுப் பெயரை வைப்பார். ஒரு முகூர்த்தத்துக்குச் செய்த ஃபைலையே அடுத்த முகூர்த்தத்துக்கும் எடுப்பார். கட்டத்தின் மேல் கட்டம். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, ஒரு பத்திரிகை பிரிண்ட் ஆக ஏன் இத்தனை நேரம் பிடிக்கிறது என்று கட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். அடியில் மாப்பிள்ளைகளும் பெண்களுமாக ஒரு மண்டபமே இருந்தது. அதில் ஒரு ஜோடிக்கு அதற்குள் பிள்ளை பிறந்து, காதுகுத்து நோட்டீஸும் நாங்களே அடித்திருந்தோம்.

"சார், பழசை அழிச்சிட்டா சீக்கிரம் பிரிண்ட் ஆவும்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"கஸ்டமர் நாளைக்கு வந்து பழைய பேரே போடுன்னா? அழிக்கறதுக்கு எவனாலயும் முடியும்மா. மறைக்கறதுலதான் டெக்னிக் இருக்குது."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குத் தொழில் சொல்லித் தருவதாக நினைத்துச் சொன்னார்.

லேசர் பிரிண்டரில் எடுக்கும் வரைக்கும் அந்த டெக்னிக்குக்கு ஒரு குறையும் வரவில்லை. வெள்ளைக் கட்டம் அடியில் இருந்ததை மூடியே வைத்திருந்தது.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு நெசவுக் குடும்பம் பத்திரிகை அடிக்க வந்தது. அப்பாவும் மகளும். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். மகள் அப்பாவை நைனா என்பாள். மாப்பிள்ளை பெயர் கிருபாகரன், ஆந்திராப் பக்கம். டிசைன் முடிந்து, பிரஸ்ஸுக்குப் போவதற்குள் அப்பா மட்டும் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இப்ப அடிக்க வேணாங்க. அப்பறமா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அந்தப் பையன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு பத்திரிகைகூட வெளியே போகவில்லை என்பது அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அடுத்த வருஷம் அதே அப்பாவும் மகளும் வந்தார்கள். இந்த முறை மாப்பிள்ளை தாமோதரன், ஆர்.கே.பேட்டை. அப்பா முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "நல்ல கார்டா போடுங்க சார். கலர்ல," என்றார். கலர் என்றால் பட்டர் பேப்பர் போதாது. ஃப்ளாப்பியைச் சென்னைக்கு அனுப்பி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஃபிலிம் எடுத்து வர வேண்டும்.

நல்ல பார்ட்டி, கலர் கார்டு. அப்படிப்பட்ட வேலையை அவர் என்னிடம் தரமாட்டார், தானே உட்கார்ந்துகொள்வார். போன வருஷத்து ஃபைலைத் திறந்தார். அதே பெண், அதே அப்பா, அதே தாத்தா பாட்டி. மாற்ற வேண்டியது மாப்பிள்ளை வீட்டை மட்டும்தானே.

"சார், புதுசா ஒரு ஃபைல் போட்டு நான் டைப் பண்ணித் தரேன்," என்றேன்.

"டிசைன்ல கை வைக்காத."

கிருபாகரன் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டார். அதன்மேல், கொஞ்சம் மேலே தள்ளி, தாமோதரன். பிறகு, கலர் வேலையில் 'ஓவர்பிரிண்ட்' என்று ஒன்று போட வேண்டும் என யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்வு செய்து அதையும் போட்டார். அது என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. எங்கள் லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃப் சுத்தமாக இருந்தது. அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஃபிலிம் சென்னையில் இருந்து வந்தது. பிரஸ்ஸில் மிஷின் ஓட்டியவர் மை சரியாக ஏறுகிறதா என்று பார்த்தாரே தவிர, எழுத்தைப் படிப்பது அவர் வேலையில்லை.

கார்டுக் கட்டுகளை எடுத்துப்போய், மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்கள் பங்கைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் அந்தப் பெண் ஒன்றைப் பிரித்துப் படித்திருக்கிறாள்.

அப்பாவும் மகளும் காலையில், நாங்கள் கடை திறக்கும்போதே படியில் நின்றிருந்தார்கள். அவள் கார்டை மேஜைமேல் வைத்தாள். 'திருநிறைச்செல்வன் தாமோதரன்' என்ற வரிக்குக் கீழே, அதே எழுத்தில், அதே மெரூன் நிறத்தில், தெளிவாக 'திருநிறைச்செல்வன் கிருபாகரன் பி.காம்.' ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதலில் அப்பாவைப் பார்த்தார்.

"புரூஃப் பாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"அதுல இது இல்ல சார்," என்றாள் அந்தப் பெண்.

புரூஃபை எடுத்துப் பார்த்தார். இல்லைதான். உடனே பிரஸ்ஸைத் திட்டினார். அதுவும் ஒட்டவில்லை. பிறகு சென்னை ஃபிலிம் சென்டருக்குப் போன் போட்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று தன் முழுக் குரலில் சத்தம் போட்டார். எதிர்முனையில் இருந்தவருக்கு அவரைவிடப் பெரிய குரல். ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"வெள்ளைக் கட்டத்துக்கு யாராவது ஓவர்பிரிண்ட் போடுவாங்களா சார்? அடில இருக்கறத வெட்டாம மேலயே அடின்னு அர்த்தம் அதுக்கு. வெள்ளைன்னு மை ஏது? லேசர் பிரிண்ட்ல தெரியாது, கலர் பிரிச்சி ஃபிலிம் எடுத்தா கட்டம் காணாமப் போயிடும், அடில இருந்தது வெளிய வந்துரும். எங்க மிஷின் உங்க ஃபைல்ல இருந்ததத்தான் எடுத்துச்சு. பழச டெலிட் பண்ணிட்டு அனுப்ப மாட்டீங்களா?"

இவர் ரிசீவரை மெதுவாக வைத்தார். எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒத்துக்கினான். அவன் மிஷின்லதான் கோளாறாம்."

நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் காதுகளும் எங்களோடுதான் இருந்தன. அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. ஒரு மனிதனை அருவருக்க எத்தனையோ காரணம் இருக்கலாம். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

அந்தப் பெண் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

"யாரு தப்புன்னு நான் கேக்க வரல சார். மாப்ளைக்கு நானே முன்னாடியே எல்லாம் சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. அவங்க அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்தான் தெரியாது. கார்டப் பாத்துட்டாங்க. இப்ப இங்கதான் வந்துகினு இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற யாரோ வீட்டுக் கார்டு இதுல கலந்துடுச்சு, கடையோட தப்புன்னு."

"அதெப்படிம்மா?"

"உங்க கடையிலதான சார் நடந்துச்சு?"

"என் கடையில கலக்காது."

அப்பா கைகூப்பினார். "சார், உங்க கால்ல வேணா வுழறேன். எங்க சனத்துல ஒரு தடவ நின்னுபோச்சுன்னா போதுங்க. ரெண்டாவது தடவ நின்னா அப்பறம் யாரு வருவாங்க?"

"பெரியவரே, உங்களுக்குப் புரியல. நான் இந்த ஊர்ல பேரு வாங்கி இருக்கேன். டிசைனர் சார் கடையில கார்டு மாறிப் போச்சுன்னு நாளைக்கு நாலு பேரு பேசினா, யாரு என்கிட்ட வருவாங்க?"

'யாரு வருவாங்க' என்ற அதே கேள்வியைத்தான் அந்தப் பெரியவரும் ஒரு நிமிஷம் முன்னால் அவரிடம் கேட்டிருந்தார். தன்னுடைய கேள்வி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. உண்மையில் தான் செய்த தப்பை, கொஞ்சம் மாற்றி, வேறு வடிவத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். அதுகூட முடியவில்லை அவரால். 'என் தப்பு' என்ற சொல் அவர் தொண்டைக்குள் இருந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியப்பாவும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மா பெண்ணைப் பார்த்தார். பெரியப்பா கார்டை நீட்டினார்.

"இன்னாங்க இது? யாரு இந்தக் கிருபாகரன்?"

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த நல்ல குரலை எடுத்தார். "எங்க கடைல தப்பு நடக்கறதுக்கு வழியே இல்லைங்க. அவங்க இன்னா எழுதிக் குடுக்கறாங்களோ, அதான் நாங்க..."

"நான்தாங்க," என்றேன்.

நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பெரிய மனசும் இல்லை. அந்தக் குரல் அடுத்த வார்த்தைக்குப் போவதைக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"நான்தான் டைப் பண்ணேன். வேற ஒரு வீட்டுக் கார்டும் அதே சமயத்துல செஞ்சிக்கினு இருந்தேன். அந்த மாப்பிள்ளை பேரு இதுல வந்துடுச்சு. இவங்களுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. எத்தனையோ நேரம் தேடிய சாவி கையில் கிடைத்தவரின் ஆசுவாசம் அது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு? ஒரு பொண்ணோட வாழ்க்கைம்மா இது! ஒரு பேரு மாறினா ஒரு குடும்பமே நாசமாப் போயிடும், தெரியுதா? பொறுப்பு வேணாம்?"

அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பத்திரிகையில் பெயர் எத்தனை முக்கியம், அச்சுத் தொழிலில் நேர்மை எப்படிப்பட்டது என்றெல்லாம் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. அந்தப் பெண்ணின் அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாதான் அவரை நிறுத்தினார். "போதும் வுடுங்க. பாவம், வேலை செய்யற பொண்ணு." பிறகு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையும், அந்தப் பெண்ணையும், மறுபடி என்னையும் பார்த்தார். எதைப் புரிந்துகொண்டார், எதைப் புரிந்துகொள்ளாமல் விட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. "வேற அடிச்சிக் குடுங்க," என்றார். "ரெண்டு மாப்ள இருந்தா எங்க சனம் சிரிக்கும்." அந்த அம்மா லேசாகச் சிரித்ததும்தான் பெரியப்பாவும் சிரித்தார்.

அன்றைக்கே புது ஃபைல் திறந்து, முதல் எழுத்தில் இருந்து நானே டைப் செய்தேன். அதற்கடியில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகச் சரிபார்த்து, நானே ரயிலேறிப் போய் ஃபிலிம் எடுத்து வந்தேன். அந்த வேலை முடிந்ததும், கடையின் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் இனி வர வேண்டாம் என்று அவர் கனிவான குரலில் சொன்னார். ஃபிலிம் சென்டரில் என்னை வேலைக்குக் கேட்டிருந்தார்கள். அதனால் எனக்கு வருத்தமில்லை. முருகன் சன்னதியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவரும் வந்திருந்தார், முதல் வரிசையில்.

பிறகு சில வருஷம் அவரைப் பார்க்கவில்லை. ஊருக்கு வரும்போது செய்தி மட்டும் காதில் விழும். தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர் வந்து, லேசர் பிரிண்டரும் பட்டர் பேப்பரும் போன பிறகு அவரும் கடையை மூடிவிட்டார். அதற்குக் காரணம் மருந்துக் கடைக்காரர் வாசலை அடைத்துப் பந்தல் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தக் கார்டு கதையையும் சொல்வாராம். அதில் நான் பொறுப்பில்லாத ஒரு பெண். அவர், சமயத்தில் சமாளித்து ஒரு கல்யாணத்தை நிற்காமல் காப்பாற்றியவர்.

கடைசியாக அவரைப் பார்த்தது திருத்தணியில் இருந்து சென்னை போகும் பஸ்ஸில். எனக்கும் அவர் மனைவிக்கும் ஒரே சீட் அமைந்துவிட்டது. அவர் பக்கத்துச் சீட்டில் இருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"நம்ம கடையில இருந்த பொண்ணு," என்று மனைவிக்கு அறிமுகம் செய்தார். "சொல்வேன்ல, ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பாத்துச்சே, அது." பிறகு என்னிடம், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி: "அதெல்லாம் நான் மனசுல வச்சிக்கலம்மா. அப்பவே மன்னிச்சிட்டேன்."

அவர் கண்ணைப் பார்த்தேன். ஏதாவது ஒரு மூலையில் தெரிந்தே சொல்லும் கள்ளத்தனம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. முழுமனதோடு என்னை மன்னித்திருந்தார். இத்தனை வருஷமாக நான் அவர்மேல் வைத்திருந்த வெறுப்பை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்க பஸ் நின்றது. அவர் இறங்கிப் போனார். அவர் மனைவி ஜன்னல் வழியாக அவர் டீக்கடைக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"நீயா பண்ண அத?"

"இல்லக்கா."

"தெரியும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபமோ துக்கமோ இல்லை, விலாசம் சொல்வது போல இருந்தது. "நீ இருந்தது கொஞ்ச வருசம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்ல எல்லாத் தப்பும் நான்தான் பண்ணிகினு இருக்கேன்."

அவர் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு படியேறி வந்தார். டிரைவர் வண்டியை ஒரு குலுக்குக் குலுக்க, ஒரு கிளாஸ் டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது.

"ஏண்டி, கைய நீட்டி வாங்கிக்கினு இருந்தா கொட்டியிருக்குமா?"

"ஆங்," என்றார் அந்த அம்மா. "வாங்கியிருக்கணும்." என் பக்கம் பார்க்காமல், தலைப்பை எடுத்து அவர் சட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.